பெயர் ஒன்று, எடை வேறு: மார்க்க அளவைகளை கிராமிலும் லிட்டரிலும் அறிவோம்

ரமளான் பிறை இருபதைக் கடந்ததும் நம் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: "ஃபித்ரா எத்தனை கிலோ?" ஒரு பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையில் அரிசி இரண்டரைக் கிலோ என்றிருக்கும். அடுத்த மஹல்லாவில் மூன்று கிலோ என்பார்கள். ஹனஃபி மத்ஹபைச் சார்ந்த பள்ளியில் கோதுமை 1 கிலோ 633 கிராம் என்று கிராம் சுத்தமாக எழுதியிருக்கும். வீட்டில் இருக்கும் மூத்தவரோ, "கிலோவெல்லாம் எங்களுக்குத் தெரியாது, அந்தக் காலத்தில் படியால்தான் அளந்து கொடுத்தோம்" என்பார். இளைஞர்கள் இதைக் கேட்டுவிட்டு, மார்க்கத்தில் இத்தனை குழப்பமா என்று முகம் சுளிக்கிறார்கள்.

குழப்பம் மார்க்கத்தில் இல்லை. மார்க்கம் சொன்ன அளவை ஒன்று. அதை நாம் நம் காலத்துக் கிராமுக்கும் லிட்டருக்கும் மாற்றிக்கொண்ட வழிகள் பல. அந்த வழிகளை ஒரு முறை உட்கார்ந்து அறிந்துகொண்டால், பலகையில் காணும் எந்த எண்ணையும் இது எங்கிருந்து வந்தது என்று நாமே சொல்லிவிடலாம். அதற்காகவே இந்தப் பாடம்.

முதலில் அடிப்படை ஒன்றைப் பார்ப்போம். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்த வேளையில், அவ்வூரார் அளவையில் மிகவும் மோசமானவர்களாக இருந்தார்கள் என்றும், அளவையில் குறை செய்பவர்களைக் கண்டிக்கும் முதஃப்பிஃபீன் என்ற அத்தியாயம் அருளப்பட்ட பின் அவர்கள் திருந்தினார்கள் என்றும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி இப்னு மாஜாவில் உள்ளது. ஷுஐப் (அலை) அவர்களின் சமுதாயமான மத்யன்வாசிகள் அழிக்கப்பட்ட வரலாற்றில் இணைவைப்புக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் குற்றமும் அளவை மோசடிதான். ஆகவே, அளவை என்பது கடைக்காரரின் விவகாரம் மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. தொழுகைக்குத் தண்ணீர், நோன்புக்குப் பரிகாரம், செல்வத்துக்கு ஸகாத், பயணத்துக்கு கஸ்ர், திருமணத்துக்கு மஹர் என எங்கு பார்த்தாலும் ஓர் அளவு நிற்கிறது.

அந்த அளவு யாருடையது? ஊருக்கு ஊர் தராசும் மரக்காலும் வேறுபட்டிருந்த காலம் அது. நிறுவை மக்காவாசிகளின் நிறுவை என்றும், முகத்தல் மதீனாவாசிகளின் முகத்தல் என்றும் நபி (ஸல்) அவர்கள் வரையறுத்ததாக இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் வருகிறது. இதன் காரணத்தை உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். மக்கா வணிகர்களின் ஊர். அங்கே பொன்னையும் வெள்ளியையும் நிறுத்தார்கள். மதீனா விவசாயிகளின் ஊர். அங்கே பேரீச்சம் பழத்தையும் கோதுமையையும் முகந்தார்கள். எது எந்த ஊரில் பழகித் தேர்ந்திருந்ததோ அதுவே சட்டத்தின் அளவையாயிற்று.

இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்துவிடும். பொன்னும் வெள்ளியும் நிறுத்தலுக்கு உரியவை. இன்றைய வழக்கில் அவை கிராமுக்குள் வர வேண்டும். தானியமும் தண்ணீரும் முகத்தலுக்கு உரியவை. அவை லிட்டருக்குள் வர வேண்டும். நம்மிடையே உள்ள ஃபித்ரா குழப்பத்தில் பெரும் பகுதி, லிட்டருக்குப் போக வேண்டியதைக் கிலோவுக்குக் கொண்டுபோனதால் வந்ததாகும்.

அணாவும் வீசையும் போன கதை

இந்திய நாடாளுமன்றம் 1956ஆம் ஆண்டு தரப்படுத்தப்பட்ட எடை அளவைச் சட்டத்தை இயற்றியது. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு நூறு நயா பைசா வந்தது. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பைகள். 1958 அக்டோபர் முதல் கிலோ எடைகள் படிப்படியாக நுழைந்தன. 1962 ஏப்ரலிலிருந்து எடையில் அது கட்டாயமாயிற்று. சேரும், வீசையும், பலமும், மணங்கும் அரசாங்கக் கணக்கிலிருந்து விடைபெற்றன. படியும் ஆழாக்கும் உழக்கும் மட்டும் நம் சமையலறைகளில் இன்னும் சில காலம் உயிரோடு இருந்தன. சில வீடுகளில் இன்றும் அரிசிப் பானைக்குள் கிடக்கின்றன.

மாற்றத்தின்போது சில்லறைத் தகராறுகள் நிறைய நடந்தன. நாலணாவுக்கு 25 நயா பைசா என்பதில் சிக்கலில்லை. ஓரணாவுக்கோ ஆறேகால் நயா பைசா வரும். கால் பைசா நாணயம் இல்லாததால் ஆறு என்று அட்டவணை போட்டார்கள். இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19. தனித்தனியாக நான்கு முறை ஓரணாப் பொருள் வாங்கினால் 24. சேர்த்து வாங்கினால் 25. வாங்கும்போது ஒரு கணக்கும் விற்கும்போது ஒரு கணக்கும் வைத்துக்கொள்ள இதில் இடமிருந்தது. தனக்கு வாங்கும்போது நிறைவாகவும் பிறருக்குக் கொடுக்கும்போது குறைவாகவும் அளப்போரைத்தான் மேற்சொன்ன அத்தியாயம் கண்டிக்கிறது. அந்தக் கால் பைசாவும் அதில் அடங்கும்.

ஆனால் ஸகாத் கொடுப்பவர்களுக்குப் புது நாணயம் ஒரு வசதியைச் செய்தது என்பதை மறுக்க முடியாது. நாற்பதில் ஒன்று என்பது அணாக் கணக்கில் ரூபாய்க்கு நாலே முக்கால் பைக்குச் சற்று அதிகம். சிறு தொகைகளில் முழு எண்ணாக நிற்காது. புதுக் கணக்கில் ரூபாய்க்கு இரண்டரைப் பைசா, நூற்றுக்கு இரண்டரை ரூபாய். எழுதப் படிக்கத் தெரிந்த எந்தத் தாய்மாரும் போட்டுவிடலாம்.

"கிலோ வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, அதைக் கொண்டு மார்க்கக் கடமையை அளக்கலாமா" என்று கேட்ட பெரியவர்களும் உண்டு. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அரபகத்தில் புழங்கிய தீனார் ரோமருடையது, திர்ஹம் பாரசீகருடையது. ஹிஜ்ரி 77இல்தான் உமய்யா கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் இஸ்லாமிய வாசகங்கள் மட்டும் பொறித்த தீனாரை வெளியிட்டார். அளவுகோல் யாருடையது என்பது பிரச்சினையல்ல; அது நிலையாக நிற்கிறதா என்பதே பிரச்சினை. மீட்டர் உடன்படிக்கை 1875ஆம் ஆண்டு பாரிஸில் கையெழுத்தானபோது அதில் ஒப்பமிட்ட அரசுகளில் உதுமானியக் கிலாஃபத் அரசும் ஒன்று.

ராத்தல் செய்யும் குழப்பம்

இப்போது ஃபித்ராவுக்கு வருவோம். நபி (ஸல்) அவர்கள் விதித்தது ஆளுக்கு ஒரு ஸாவு. ஒரு ஸாவு என்பது நான்கு முத்து. (இது கடலில் விளையும் முத்து அல்ல, நடுத்தரமான ஒரு மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவுக்கு அரபியில் அப்படிப் பெயர்.) ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் ஒரு ஸாவு என்பது பக்தாத் ராத்தலில் ஐந்தும் மூன்றில் ஒரு பங்கும் என்று எழுதியிருக்கிறார்கள்.

இங்கேதான் கால் இடறுகிறது. ராத்தல் என்ற சொல் நமக்குப் பழக்கமானது. ஆங்கிலேயரின் பவுண்டு எடையை நம் முன்னோர் ராத்தல் என்றே அழைத்தார்கள். இலங்கையில் பாண் வாங்கும்போது இன்றும் அந்தச் சொல் காதில் விழும். ரத்ல் என்ற அரபிச் சொல்தான் இப்படி உருமாறி நம் நாவில் தங்கியது. ஆனால் பெயர் ஒன்றே தவிர எடை ஒன்றல்ல. ஆங்கில ராத்தல் 453.6 கிராம். பக்தாத் ராத்தலோ, இமாம் நவவி (ரஹ்) அவர்கள் சரியெனக் கொண்ட கணக்குப்படி 128 திர்ஹமும் ஏழில் நான்கு பங்கும், திர்ஹம் 2.975 கிராம் என்று வைத்தால் சுமார் 382 கிராம்தான். ஒருவர் கிதாபைத் திறந்து ஐந்தே சில்லறை ராத்தல் என்று படித்துவிட்டு நம்மூர் ராத்தலால் பெருக்கினால் 2 கிலோ 419 கிராம் வரும். பக்தாத் ராத்தலால் பெருக்கினால் 2 கிலோ 40 கிராம் வரும். ஒரே வாசகம், ஒரே பெயர். வித்தியாசம் கிட்டத்தட்ட நானூறு கிராம்.

அதற்கு மேலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்த 2 கிலோ 40 கிராம் கோதுமை போன்ற தானியத்துக்கான எடை. ஸாவு அடிப்படையில் ஒரு பாத்திரமே தவிர எடைக்கல் அல்ல. ஒரே பாத்திரத்தில் கோதுமை ஓர் எடை, அரிசி வேறு எடை, பேரீச்சம் பழம் வேறு எடை கொள்ளும். எடை வேறுபடும் என்பதால் முகத்தலையே நம்ப வேண்டும், எடை நெருங்கிய மதிப்பீடுதான் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எடுத்துரைத்திருப்பதை ஆலிம்கள் அறிவார்கள். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, "ஃபித்ரா எத்தனை கிலோ" என்பதல்ல, "ஸாவு எத்தனை லிட்டர்" என்பதுதான்.

இதற்கு இரண்டே முக்கால் லிட்டர் என்ற விடை பல நூல்களில் காணப்படுகிறது. கேரளத்து ஷாஃபிஈ உலமாக்களிடையே ஒரு முத்து 800 மில்லி லிட்டர், ஒரு ஸாவு 3.2 லிட்டர் என்ற கணக்கு பழக்கத்தில் உள்ளது. நாம் உண்ணும் அரிசி வகைக்கு வகை மாறினாலும் ஒரு லிட்டருக்குச் சுமார் 800 முதல் 850 கிராம் வரை நிற்கும். இரண்டே முக்கால் லிட்டர் என்றால் 2 கிலோ 200 முதல் 2 கிலோ 340 கிராம் வரை வரும். அதைச் சற்று நிறைவாக்கி இரண்டரைக் கிலோ என்றார்கள். 3.2 லிட்டர் என்றால் 2 கிலோ 560 முதல் 2 கிலோ 720 வரை வரும். அதை நிறைவாக்கி மூன்று கிலோ என்றார்கள். முதலில் சொன்ன இரண்டு பள்ளிவாசல்களின் பலகைகளும் இப்போது விளங்குகின்றன அல்லவா? இரண்டும் ஒரு ஸாவைத்தான் சொல்கின்றன.

மூன்றாவது பலகையின் 1 கிலோ 633 கிராம் எங்கிருந்து வந்தது? ஹனஃபி மத்ஹபில் ஸாவு என்பது எட்டு ராத்தல் கொண்ட இராக்கிய ஸாவு. கோதுமையில் அரை ஸாவு போதும் என்பது அவர்களின் சட்டம். நம் நாட்டு ஹனஃபி உலமாக்கள் அரை ஸாவை 140 தோலா என்று கணக்கிட்டார்கள். தோலா ஒன்று 11.664 கிராம், பெருக்கிப் பாருங்கள், 1633 கிராமுக்குக் கிட்டத்தட்ட ஒரு மயிரிழைதான் குறையும். பேரீச்சம் பழம், வாற்கோதுமை என்றால் முழு ஸாவு, அதாவது 3 கிலோ 266 கிராம். அவர்கள் மத்ஹபில் இதன் கிரயத்தைப் பணமாகக் கொடுக்கலாம். ஷாஃபிஈ மத்ஹபில் ஊரின் பிரதான உணவுத் தானியமாகவே கொடுக்க வேண்டும். ஆகவே ஹனஃபி பலகையின் கிலோவைப் பார்த்து, நாமும் அவ்வளவு அரிசி கொடுத்தால் போதும் என்று ஷாஃபிஈ குடும்பத்தார் எண்ணிவிடக் கூடாது. அப்படிக் கொடுத்தால் ஓர் ஆளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறையும். ஆறு பேர் கொண்ட வீட்டில் ஓர் ஏழையின் பெருநாள் சோறே குறைந்துவிடும்.

இந்த ஸாவு விஷயத்தில் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களைப் பற்றி ஒரு செய்தி பைஹகீயில் இருக்கிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தலைமை மாணவரான அவர்கள் மதீனாவுக்குச் சென்றிருந்தபோது ஸாவின் அளவு பற்றி விசாரித்தார்கள். மறுநாள் காலை முஹாஜிர்கள், அன்ஸாரிகளின் பிள்ளைகளான சுமார் ஐம்பது முதியவர்கள், ஒவ்வொருவரும் தம் மேலாடைக்குள் ஒரு ஸாவுப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். தம் தந்தையிடமிருந்து, தம் வீட்டாரிடமிருந்து பெற்றது, இது நபி (ஸல்) அவர்களின் ஸாவு என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அளந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. ஐந்தே சில்லறை ராத்தல்தான் வந்தது. அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் இவ்விஷயத்தில் தம் ஆசிரியரின் சொல்லை விட்டு மதீனாவாசிகளின் சொல்லை ஏற்றார்கள் என்று அந்தச் செய்தி முடிகிறது. (ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு எட்டு ராத்தலிலேயே நிலைத்தது, அதற்கு அவர்களிடம் தனி ஆதாரங்கள் உண்டு.) ஒரு சமுதாயத்தின் அளவை அரசாங்கக் கஜானாவில் இல்லாமல் வீட்டு அடுக்களைகளில் பாதுகாக்கப்பட்டிருந்தது என்பதை நம் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

நம் வீட்டிலும் ஒரு ஸாவை வைத்துக்கொள்ளலாம். ஒரு சிறு எவர்சில்வர் வாளியோ தூக்குச்சட்டியோ போதும். கடையில் கிடைக்கும் முத்திரையிட்ட லிட்டர் அளவையால், நம் மஹல்லா ஆலிம் எந்தக் கணக்கைச் சொல்கிறாரோ அந்தக் கணக்குக்குத் தண்ணீர் ஊற்றி, நீர் நிற்கும் இடத்தில் ஆணியால் ஒரு கோடு கிழித்துவிட வேண்டியதுதான். பிறகு அரிசி எந்த வகையானாலும் கவலையில்லை. கோடு வரை தலைதட்டி அளந்து, மேலே ஒரு கை போட்டுக் கொடுத்துவிடலாம். முதுமையாலோ தீராத நோயாலோ நோன்பு நோற்க முடியாதவர் ஒரு நோன்புக்குக் கொடுக்க வேண்டிய ஃபித்யா ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு முத்து, அதாவது இதில் கால் பங்கு.

தண்ணீருக்கும் லிட்டர்

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளூச் செய்வார்கள், ஒரு ஸாவிலிருந்து ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது. லிட்டரில் சொன்னால் ஒளூவுக்கு முக்கால் லிட்டருக்கு முன்பின், குளிப்புக்கு இரண்டே முக்காலிலிருந்து நான்கு லிட்டருக்குள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து அதில் முக்கால் பங்கை ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஒளூச் செய்து பாருங்கள். பிறகு குழாயைத் திறந்துவிட்டு ஒளூச் செய்து, அடியில் ஒரு வாளி வைத்து அளந்து பாருங்கள். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

தேங்கிய நீரின் சட்டத்தில் ஷாஃபிஈ மத்ஹப் கூறும் அளவு குல்லத்தைன், அதாவது இரண்டு குல்லா. அதற்குக் குறைந்த நீரில் அசுத்தம் விழுந்தால், நிறம் மாறாவிட்டாலும் நீர் அசுத்தமாகிவிடும். குல்லத்தைனை எட்டிய நீர், நிறமோ சுவையோ வாடையோ மாறினாலன்றி அசுத்தமாகாது. இதன் எடை 500 பக்தாத் ராத்தல் என்று கிதாபுகளில் வருகிறது; நாம் மேலே கண்ட கணக்கில் சுமார் 191 லிட்டர். சதுரமான தொட்டியென்றால் நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றேகால் முழம் என்றும் எழுதியிருக்கிறார்கள். முழத்தை 48 சென்டிமீட்டர் என்று கொண்டால் ஒவ்வொரு பக்கமும் 60 சென்டிமீட்டர், தொட்டி 216 லிட்டர். நம் கொல்லைப்புறங்களில் தண்ணீர் பிடித்து வைக்கும் பெரிய டிரம் 200 லிட்டர் கொள்வது. அது இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் வந்து நிற்கிறது! போதாக்குறைக்கு, விளிம்பு வரை யாரும் நிரப்புவதுமில்லை. ஆகவே டிரம்மைக் குல்லத்தைன் என்று எண்ணி அலட்சியமாக இருந்துவிடாமல் மூடி வைப்பதே பேணுதல். மாடியில் வைக்கும் 500 லிட்டர் தொட்டியில் பாதிக்கு மேல் நீர் இருக்கும்வரை இந்தக் கவலை இல்லை.

பவுன் கணக்கு

ஸகாத் விதியாகும் பொன்னின் அளவு 20 மிஸ்கால், வெள்ளி 200 திர்ஹம். பழைய தீனார் நாணயங்களை நிறுத்துப் பார்த்தால் மிஸ்கால் 4.25 கிராமாக வருகிறது. பத்து திர்ஹம் ஏழு மிஸ்காலுக்குச் சமம் என்பதால் திர்ஹம் 2.975 கிராம். இதன்படி பொன் 85 கிராம், வெள்ளி 595 கிராம். நம் நாட்டு ஹனஃபி உலமாக்கள் குன்றிமணி, மாஷா எடைகளின் வழியே கணக்கிட்டு, பொன் ஏழரைத் தோலா, வெள்ளி ஐம்பத்திரண்டரைத் தோலா என்றார்கள், அது 87.48 கிராமும் 612.36 கிராமும் ஆகிறது. வாங்கும் ஏழைக்கு எது நன்மையோ அதைப் பார்த்தால் 85ஐயும் 595ஐயும் கொள்வது பேணுதலுக்கு நெருக்கம்.

ஆனால் நம் பெண்மணிகள் கிராமிலும் பேசுவதில்லை, தோலாவிலும் பேசுவதில்லை, பவுனில்தான் பேசுகிறார்கள். பவுன் என்பது ஆங்கிலேயரின் சவரன் நாணயத்தால் வந்த வழக்கு. அந்த நாணயம் 7.988 கிராம், அதில் சுத்தப் பொன் 7.32 கிராம்தான், மிச்சம் கலப்பு. இன்றைய நகைக்கடையில் ஒரு பவுன் என்றால் 8 கிராம். நகையில் உள்ள பொன் பெரும்பாலும் 22 காரட், அதாவது ஆயிரத்தில் 916 பங்கு. "பதினோரு பவுன் வந்தால் ஸகாத்" என்று நாம் வாய்ப்பாடமாகச் சொல்லிவருவது 88 கிராம். இதில் சுத்தப் பொன் 80 கிராமும் முக்காலுக்குச் சற்றுக் குறைவும்.

மத்ஹபுகள் இங்கே பிரிகின்றன. ஹனஃபி சட்டத்தில் பொன் மிகுந்து கலப்பு குறைந்திருந்தால் முழுவதும் பொன்னாகவே கொள்ளப்படும். அணியும் நகைக்கும் ஸகாத் உண்டு. ஆகவே அவர்களுக்கு 88 கிராமும் நிஸாபைத் தாண்டிவிட்டது. அன்றியும் கையிருப்புப் பணம், வெள்ளி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால், பதினோரு பவுன் இல்லாத வீட்டிலும் வெள்ளி நிஸாபைக் கொண்டு கடமை வந்துவிடலாம். ஷாஃபிஈ சட்டத்தில் பெண்கள் வழக்கத்துக்கு மிஞ்சாமல் அணியும் ஆகுமான நகைக்கு ஸகாத் இல்லை. அணிவதற்காக அல்லாமல் சேமிப்பாகப் பெட்டகத்தில் பூட்டி வைத்த நகைக்கு உண்டு. அதிலும் கலப்பைக் கழித்து, சுத்தப் பொன் 85 கிராம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 22 காரட் நகையில் அதற்கு 92.7 கிராம், அதாவது பதினொன்றரைப் பவுனுக்குச் சற்று மேல் வேண்டும்.

ஓர் உதாரணம். சேமிப்பாக வைத்த நகை 12 பவுன், 96 கிராம். கல் பதித்திருந்தால் கல்லின் எடையை முதலில் தள்ள வேண்டும். இதில் கல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். சுத்தப் பொன் 88 கிராம். எந்தக் கணக்கிலும் நிஸாப் நிறைந்தது. நாற்பதில் ஒன்று, 96க்கு 2.4 கிராம் நகைப் பொன். நகை வாங்கியபோது கொடுத்த சேதாரமும் செய்கூலியும் இந்தக் கணக்கில் வராது.

மஹரைப் பற்றி ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியருக்கு அளித்த மஹர் பன்னிரண்டரை ஊக்கியா, அதாவது 500 திர்ஹம் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது முஸ்லிமில் உள்ளது. கிராமில் 1487.5, தோலாக் கணக்கில் 131¼ தோலா வெள்ளி, 1530.9 கிராம். நிக்காஹ் பதிவேட்டில் வெறும் திர்ஹம் என்று எழுதாமல் கிராமையும் சேர்த்து எழுதிவைத்தால் பிற்காலத்தில் வழக்கு வராது.

பயணத் தூரத்திலும் பெயர்க் குழப்பம் உண்டு. ஷாஃபிஈ கிதாபுகளில் 48 ஹாஷிமி மைல் என்றிருப்பதை, சாலையோர ஆங்கில மைலாக எண்ணுவோர் உண்டு. ஆங்கில மைல் 1609 மீட்டர். நாற்பத்தெட்டுக்கு 77 கிலோமீட்டரும் காலும். நம் நாட்டு ஹனஃபி உலமாக்களில் பலர், தம் சட்டத்தின் மூன்று நாள் வழிப்பயணத்தை இந்த ஆங்கில மைல் கணக்கிலேயே நிறுத்தினார்கள். ஷாஃபிஈயில் 82 கிலோமீட்டர் என்ற கணக்கு பரவலாக உள்ளது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் போகும் ஷாஃபிஈ சகோதரர் முழுமையாகத் தொழுதுவிடுவது நல்லது.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு

முற்காலத்து இஸ்லாமிய நகரங்களில் முஹ்தஸிப் என்ற அதிகாரி கடைவீதியில் நடந்து, தராசையும் எடையையும் சோதித்து வந்தார். எகிப்தில் அக்காலத்து ஆளுநர்களின் பெயர் பொறித்த கண்ணாடி எடைகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. இரும்புபோல் துருப்பிடித்துக் கனக்காது, செம்புபோல் தேய்ந்து இளைக்காது என்பதால் கண்ணாடி எளிதில் ஏமாற்ற முடியாத எடை. இன்று நம் மாநிலத்தில் இந்த வேலையைத் தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளர்கள் செய்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. மின்னணுத் தராசு வந்துவிட்டதால் மோசடிக்கு வழியில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். தராசு பொய் சொல்லாமல் இருக்கலாம். தட்டில் எதை வைக்கிறோம் என்பது நம் கையில்தானே இருக்கிறது? இனிப்பை அட்டைப் பெட்டியோடு நிறுத்து இனிப்பின் விலையைப் போடுவது, ஈரத்தோடு மீனை நிறுப்பது, சாக்கின் எடையைக் கழிக்காமல் மூட்டையை விற்பது எல்லாம் குறைத்து அளப்பதில் சேர்ந்தவையே.

கூலிக்கு நிறுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம், நிறுத்துக் கொடு, சற்றுத் தாழ்த்தியே கொடு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஸுவைத் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூத், திர்மிதீ இரண்டிலும் உள்ளது. இனிப்புக் கடைக்காரர் இதைச் செய்வது எளிது. காலிப் பெட்டியை முதலில் தட்டில் வைத்து, தராசின் எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, பிறகு இனிப்பை வைத்துக் கிலோ நிறைந்தபின் ஒரு துண்டு கூடப் போட வேண்டும். பெட்டியின் எடை ஐம்பது கிராம் என்றாலும், இருபது வாடிக்கையாளருக்கு அது ஒரு கிலோ.